சீனச் சந்தைகள் மூன்று: நெல்லை ஃபேன்சி கடைக்காரர் ஒருவரின் மதிப்புரை

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஒன்றில் எங்கள் ஃபேன்சி கடை இருக்கிறது. வளையல், க்ளிப், கைக்குட்டை, குடை, சிறுவர் பை, பிறந்தநாள் தோரணம் என்று அதில் விற்கும் சரக்கில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்டு, மதுரையிலோ சென்னைப் பாரிமுனையிலோ ஒரு மொத்த வியாபாரியின் கை மாறி எங்களிடம் வந்து சேருவது. அந்த இடைக் கையை ஒரு முறையாவது விலக்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் 2018 அக்டோபரிலும், பின்னர் 2024 அக்டோபரிலும் சீனாவுக்குப் போய் வந்தேன். இரண்டு முறையும் என்னோடு வந்தவர் பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, ஆனால் விலை பேசத் தெரியும். நாங்கள் பார்த்த பெய்ஜிங் பட்டுத் தெரு, குவாங்சோ யீதெ சாலை, யிவு மொத்தச் சந்தை ஆகிய மூன்றையும், போக நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் அளவில் இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது பட்டுத் தெருவைத்தான். பெய்ஜிங் மெட்ரோவின் முதல் தடத்தில் யுங்கான்லி நிலையத்தில் இறங்கினால் சந்தையின் வாசலுக்கே வந்துவிடலாம். சியூஷ்வெய் என்று உள்ளூரில் சொல்லப்படும் இது 2005 ஜனவரி வரை உண்மையாகவே ஒரு சந்துக் கடைத்தெருவாக இருந்தது. அதை மூடிவிட்டு, அருகில் எழுப்பிய பல மாடிக் கட்டடத்தை அதே ஆண்டு மார்ச்சில் திறந்தார்கள். பட்டு, முத்து, பை, கைக்கடிகாரம், அளவெடுத்துத் தைக்கும் தையற்கடை எல்லாம் அதற்குள் அடக்கம். வாங்க வருபவர்களில் பாதிப் பேராவது வெளிநாட்டவர். விற்கும் பெண்கள் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் சரளமாக அழைக்கிறார்கள். எங்களைக் கண்டதும் "நமஸ்தே" என்றார்கள்.

வீட்டில் கேட்டிருந்த பட்டு ஸ்கார்ஃப் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விற்பனைப் பெண் கால்குலேட்டரில் 480 என்று தட்டி என் முன் நீட்டினாள். யுவான் கணக்கில் அது. 2018இல் ஒரு யுவான் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். நம் ஊரில் பாதி விலைக்குக் கேட்டாலே கடைக்காரர் முகம் சுளித்து, மடித்த துணியைத் திரும்ப அடுக்கத் தொடங்கிவிடுவார் அல்லவா, அந்த எண்ணத்தில் மிகுந்த துணிச்சலோடு 240 என்று தட்டினேன். அவள் இரண்டு நொடி வருத்தப்படுவது போல நின்றாள். பிறகு பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் விலை படிந்ததும் என் வயிற்றில் ஏதோ கனத்தது. நான்கு கடை தள்ளி அதே நெசவு, அதே பூ வேலைப்பாடு உள்ள ஸ்கார்ஃபை அண்ணாச்சி 60 யுவானுக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

"பாதிக்குக் கேட்டா எப்படிடே? அவ சொன்னது விலையா? ஒன் சட்டையையும் செருப்பையும் பாத்துச் சொன்ன கணக்குல்லா அது" என்றார்.

அவர் சொன்னது சரி. பட்டுத் தெருவில் முதலில் சொல்லப்படும் தொகைக்கும் சரக்குக்கும் எந்த உறவும் இல்லை. எதிரில் நிற்பவர் எந்த நாட்டுக்காரர், முதல் முறை வந்தவரா, பொருளின் மேல் கண் எவ்வளவு நிலைகுத்தி நிற்கிறது என்பதையெல்லாம் பார்த்து அந்தப் பெண் போட்ட மதிப்பீடு அது. ஆகவே அந்தத் தொகையிலிருந்து கீழே இறங்கிவரும் பேரம் தொடக்கத்திலேயே தோற்ற பேரம். நம் மனதில் அந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற ஒரு தொகை முன்கூட்டியே இருக்க வேண்டும். அதற்கும் சற்றுக் கீழேயிருந்து மேலே ஏறி வர வேண்டும். அண்ணாச்சி 480ஐக் காதிலேயே வாங்கிக்கொள்ளாமல் 40 என்று தட்டியிருக்கிறார். அந்தக் கடைப் பெண் சிரித்தாள், கோபித்தாள், தன் குழந்தைகள் பட்டினி என்பதைச் சைகையால் காட்டினாள். இவர் "நமக்குக் கட்டுபடியாகாது தாயி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடக்க, 60 என்ற தொகை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் பத்து அடி நடக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சந்தையில் வேறு மொழி தேவையில்லை. ஆனாலும் விலையைப் பேசி முடித்துவிட்டு வாங்காமல் போவதை அங்கே மிகவும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் கால்குலேட்டரைத் தொடவே கூடாது.

சரக்கின் தரம் பற்றி ஒரு வார்த்தை. பட்டு என்று சொல்லப்படும் எல்லாமே பட்டு அல்ல. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாடையோடு பொசுங்கிக் கையில் தூளாகும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகிவிடும். நான் 240 கொடுத்தது மணியாக இறுகியது என்பதை ஊருக்கு வந்து தெரிந்துகொண்டேன். பிராண்டு பெயர் பொறித்த பைகளைக் கடைக்காக வாங்க நினைப்பவர்களுக்கு: ஐரோப்பிய நிறுவனங்கள் சில இந்தச் சந்தையின் மீது வழக்குத் தொடுத்து 2005இலேயே தீர்ப்புப் பெற்றுவிட்டன, போலிப் பெயர் தாங்கிய சரக்கை நம் சுங்கத்துறையும் பறிமுதல் செய்யலாம். மொத்தத்தில் பட்டுத் தெரு ஒரு நாள் பொழுதுபோக்குக்கு நன்று. வியாபாரிக்கு அங்கே வேலை இல்லை.

குவாங்சோவின் யீதெ சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேர்ல் நதிக் கரையை ஒட்டிய பழைய நகரத்தில் இருக்கும் இந்தச் சாலையில் ஒரு பக்கம் பொம்மை, எழுதுபொருள், பண்டிகை அலங்காரச் சரக்கு. இன்னொரு பக்கம் மூட்டை மூட்டையாகக் கருவாடும் உலர்ந்த கடல் உணவும். இரண்டின் வாடையும் கலந்து வீசும் தெருவுக்குப் பின்னால் கருங்கல்லாலேயே கட்டி 1888இல் முடித்த ஒரு பெரிய தேவாலயம் நிற்கிறது. பாளையங்கோட்டைக்காரரான அண்ணாச்சி அதன் வாசலில் பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டஜன் கணக்கில் வாங்க விரும்புபவர்களுக்கு இதுவே ஏற்ற இடம். பத்து யுவான் சொன்ன பொருள் எட்டரைக்குப் படிந்தது. அதற்குக் கீழே யாரும் இறங்கவில்லை, யாரும் நாடகமும் ஆடவில்லை. ஆண்டுக்கு இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், 1957 முதல் இந்நகரில் நடந்துவரும் கேன்டன் கண்காட்சியின் நாட்களில் போனால் விடுதி வாடகை எகிறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.

விலையை விரல்களால் காட்டும் வழக்கத்தை நான் முதன்முதலில் கவனித்ததும் அங்கேதான். தோரணக் கடைக்காரர் ஒருவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டினார். போன் பேசச் சொல்கிறாரோ என்று நான் செல்போனை எடுக்க, அது ஆறு என்று அண்ணாச்சிதான் விளக்கினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எட்டு. இரண்டு கை ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்தால் பத்து. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைச் சிறுவயது முதல் பார்த்தவனுக்கு இதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். சீனாவின் பழைய கால்நடைச் சந்தைகளிலும் தரகர்கள் அங்கியின் நீண்ட கைக்குள் விரல் பிடித்து விலை பேசி வந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இந்த மதிப்புரையில் சேர்ப்பது முறையில்லைதான், இருந்தாலும் சேர்த்துவிட்டேன்.

இனி யிவு. செஜியாங் மாகாணத்தின் நடுவில், கடலோ பெரிய நதியோ இல்லாத ஓர் ஊர். அங்கிருந்த ஏழை விவசாயிகள் குளிர்காலத்தில் தோள் காவடியில் நாட்டுச் சர்க்கரைக் கட்டிகளைச் சுமந்து, கிலுகிலுப்பை மேளத்தை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சர்க்கரைக்குப் பதிலாகக் கோழி இறகை வாங்கி வருவார்களாம். நல்ல இறகு துடைப்பத்துக்கு, மற்றது வயலுக்கு உரம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனியார் வியாபாரம் ஐயத்தோடு பார்க்கப்பட்ட காலத்தில், 1982இல், இந்த நடைவியாபாரிகள் ஓரிடத்தில் கடை போடலாம் என்று யிவு நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அந்தத் தெருவோரச் சந்தைதான் இடம் மாறி, பெருகி, 2024இல் நாங்கள் போனபோது ஐந்து பெரும் பிரிவுகளில் சுமார் 75,000 கடைகளாக நின்றது. கடைக்கு மூன்று நிமிடம் வீதம், நாளைக்கு எட்டு மணி நேரம் நடந்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும்.

ஆகவே என்ன வாங்கப் போகிறோம் என்று எழுதிக்கொண்டு போகாதவர்கள் யிவுவில் கால் வலியைத்தான் வாங்கி வருவார்கள். முதல் பிரிவில் செயற்கைப் பூ, பொம்மை, தலைக்குச் சூடும் அணிகலன்கள். இரண்டாவதில் குடை, பை, பூட்டு, கடிகாரம். மூன்றாவதில் எழுதுபொருள், அழகுசாதனம், மூக்குக் கண்ணாடி, ஜிப். நான்காவதில் காலுறை, தொப்பி, துண்டு, பெல்ட். ஒரே வகைச் சரக்கு ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருப்பதால் குடை வாங்க வருபவர் அரை நாளில் நூறு குடைக்கடைகளைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கடையும் நம் பெட்டிக்கடை அளவுதான். சுவர் நிறைய மாதிரிகள் தொங்கும், நடுவில் ஒரு மேசை, அதில் கணக்கு நோட்டும் கால்குலேட்டரும், பெரும்பாலும் ஒரு பெண்மணியும், அவருக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதும் ஒரு குழந்தையும். சரக்கு அங்கே கிடையாது. அது தொழிற்சாலையிலிருந்து நேராக நம் ஏஜென்ட்டின் கிடங்குக்கு வரும். ஒன்று, இரண்டு என்று கேட்டால் தர மாட்டார்கள். எத்தனை பெட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி, பெட்டி எத்தனை கன மீட்டர் என்பதுதான் பேச்சு.

விலை பேசும் முறையும் இங்கே தலைகீழ். பட்டுத் தெருவில் 480 என்பது 60 ஆகும். யிவுவில் 14 யுவான் என்று சொன்ன குடைக்கு வலிந்து பேசினால் 13.5 கிடைக்கும். அதற்குக் கீழே இறங்கினால், இறங்கியது விலை மட்டும் அல்ல. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கடை என்பதை விட்டுவிடுகிறேன். கடைக்காரரைவிட என்னுடைய பங்கே அதில் அதிகம்.

2018 பயணத்தில் குற்றாலம் சீசனுக்காக 600 மடக்குக் குடைகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். சொன்ன விலை 14 யுவான். பெய்ஜிங்கில் பட்ட சூட்டில் நான் 9 என்றேன். கடைக்காரப் பெண்மணி மறுத்தார், 10 என்றேன், மொழிபெயர்ப்பாளரோடு சற்று நேரம் பேசிவிட்டு 10.5 என்றால் "முடியும்" என்றார். நான் அண்ணாச்சியை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவரோ, "இவ்வளவு லேசா எறங்குறாளே, எதக் கழிக்கப் போறான்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. கணக்குப்படி 2,100 யுவான், நம் பணத்தில் சுமார் 22,000 ரூபாய் மிச்சம் என்பது மட்டுமே என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

குடைகள் நிங்போவில் கப்பலேறித் தூத்துக்குடி வழியாக வந்து சேர்ந்தன. நிறம் அதே, கைப்பிடி அதே, மடிப்பு அதே. 2019 ஜூனில் குற்றாலத்தில் (அப்போது அது நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது) கடை போட்டிருந்த என் மைத்துனரிடம் கொடுத்தனுப்பினேன். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்கு வரும் சாரல் காற்று எப்படிப்பட்டது என்பது காற்றாலை போட்டவர்களுக்கும் குடை பிடித்தவர்களுக்கும் தெரியும். ஒரு வீச்சில் குடை கிண்ணமாக மேல்நோக்கி மலர்ந்து, கம்பிகள் கணுவில் ஒடிந்தன. ஒரே மாதத்தில் 140 குடைகள் திரும்பி வந்தன. நான் பத்திரமாக வைத்திருந்த மாதிரிக் குடையையும் வந்த குடையையும் அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தோம். மாதிரி 340 கிராம்; வந்தது 255. நான் மிச்சம் பிடித்த மூன்றரை யுவானை அந்தத் தொழிற்சாலை துணியிலும் கம்பியிலும் சரியாக நிறுத்து எடுத்துக்கொண்டிருந்தது. ஏமாற்று என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்மணி "முடியும்" என்று சொன்னதன் பொருள், அந்த விலைக்கு ஒரு குடை செய்ய முடியும் என்பதே. அதே குடை என்று அவரும் சொல்லவில்லை, நானும் எழுதி வாங்கவில்லை.

அண்ணாச்சி தம் சரக்கில் இந்தப் பாடத்தை முன்பே படித்தவர். ஸ்டீல் பாத்திரத்தில் 304 ரகம் என்றும் 201 ரகம் என்றும் உண்டு. பின்னதில் நிக்கல் குறைவு, அதற்கு ஈடாக மாங்கனீஸ் அதிகம், விலையும் குறைவு. பளபளப்பில் இரண்டும் ஒன்றே. காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் இரண்டிலுமே காந்தம் பொதுவாக ஒட்டுவதில்லை. அவர் சட்டைப்பையில் ஒரு சிறு சோதனைத் திரவக் குப்பி இருக்கும். 201இல் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். விலை பேசுவதற்கு முன்பே அந்தக் குப்பியை மேசைமேல் வைத்துவிடுவார். அதைப் பார்த்ததும் சொல்லும் விலையே வேறாக இருப்பதை நான் பல கடைகளில் கண்டேன்.

2024இல் போனபோது யிவுவில் சில வசதிகள் கூடியிருந்தன, சில தொல்லைகளும். 2018இல் கட்டுக்கட்டாக நோட்டு சுமந்தோம். இப்போது நம் வங்கி அட்டையை அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் இணைத்துக்கொண்டு, தேநீர்க்கடை முதல் டாக்சி வரை செல்போனிலேயே கொடுக்க முடிந்தது (200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிக்கிறார்கள்). ஆனால் அங்குள்ள வியாபாரிகள் எல்லோரும் பேசுவது வீசாட்டில்; அந்தச் செயலியை நம் அரசு 2020 ஜூனில் தடை செய்துவிட்டதால், ஊர் திரும்பிய பிறகு ஏஜென்ட் வழியாகவும் மின்னஞ்சலிலும்தான் தொடர்பு. பொம்மை வாங்கும் எண்ணத்தைச் சிறு வியாபாரிகள் விட்டுவிடலாம்: 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இறக்க முடியாது, சுங்க வரியும் 2023இல் 70 சதவீதமாகிவிட்டது. ஆனித் திருவிழாக் கடைகளில் பத்து ரூபாய்க்குக் குவித்து விற்ற சீனப் பொம்மைகளின் காலம் முடிந்துவிட்டது. குடைக்கும் 2022 பட்ஜெட்டில் அடிப்படை வரி 20 சதவீதம் ஆயிற்று. ஏற்றுமதி இறக்குமதி உரிம எண், ஏஜென்ட் கமிஷன், கப்பல் கூலி, வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐந்தாறு வகைச் சரக்கையாவது பெட்டிக் கணக்கில் எடுக்காதவர்களுக்கு மதுரை மொத்த வியாபாரியே மலிவு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

இம்முறை குடைக்கடையில் 340 கிராம் மாதிரியை மேசைமேல் வைத்தேன். வேறு கடை, வேறு பெண்மணி. 15.5 யுவான் என்றார். விலையைத் தொடாமல், ஆர்டர் தாளில் எழுதச் சொன்னேன்: எட்டுக் கம்பி, கம்பியின் கனம், துணியின் ரகம், முடிந்த குடையின் எடை 340 கிராமுக்குக் குறையக் கூடாது, இருவரும் கையெழுத்திட்ட மாதிரி ஏஜென்ட்டின் கிடங்கில் இருக்கும், முப்பது சதவீதம் முன்பணம், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குடையை நிறுத்துப் பார்த்த பிறகே மீதி. அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். "இவர் முன்பு ஒரு தடவை நனைந்திருக்கிறார்" என்றாராம்.

அதன் பிறகு பேசினோம். நான் 14.5 என்றேன். நான்கு என்ற சொல் அவர்கள் மொழியில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் முகம் சுளித்தபடி 15 என்றார். எட்டு அவர்களுக்கு ராசியான எண் என்பதால் 14.8 என்று தட்டினேன். படிந்தது. கொசுறாகக் குடைக்கு உறையும், கெட்டியான அட்டைப் பெட்டியும், ஒரே பெட்டியில் நான்கு நிறம் கலந்து அடுக்குவதும் கேட்டேன், மூன்றுக்கும் சம்மதித்தார். அண்ணாச்சி இந்தப் பேரம் முழுவதிலும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "இப்பதாண்டே ஒனக்கு யாவாரம் பிடிபடுது" என்றார்.

2025 சாரலில் திரும்பி வந்த குடைகள் பதினொன்று. அவற்றில் நான்கு, அருவிக்கரைக் குரங்குகள் பிடுங்கிக் கிழித்தவை.